பாலாடை என்றால் எந்தப் பாலாடை?

"இந்தாங்க நர்சம்மா, பாலாடை. பத்து நிமிஷம் கொதிக்க வெச்சித்தான் எடுத்தாந்தேன்" என்று சொல்லி, சின்னப்பொண்ணு ஒரு எவர்சில்வர் தட்டை என் முன்னால் நீட்டினாள்.

என் குவார்ட்டர்ஸ் அடுப்பில் பரங்கிக்காயும் கேரட்டும் பூண்டும் வெந்து குழைந்துகொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை, பனிமூட்டம்தான் தெரிந்தது. மார்கழி மாதம், மாலை ஐந்து மணி. நான் கையில் கரண்டியோடு அந்தத் தட்டைப் பார்த்தேன்.

தட்டில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் நடுவே எங்கள் பிரசவ அறைப் பாலாடை. பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டுவோமே, ஒரு பக்கம் மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம், அதுதான். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

நான் கேட்டது பாலின் மேல் படிகிற ஆடையை. சூப்பில் ஊற்றுவதற்கு.

"ஏம்மா, பால் மேல கட்டுமே, அந்த ஆடையை இல்ல கேட்டேன்."

"அதுவா? அது ஏடு. ஏடுன்னு சொல்லிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே. ரெண்டு நாளா எல்லாத்தையும் போட்டு மோர் கடைஞ்சிட்டேன்."

"வியாழக்கிழமையே சொன்னேனே, சனிக்கிழமை சாயங்காலம் பாலாடை வேணும்னு."

"சொன்னீங்க. நானும் யாருக்கோ வலி வரப்போவுதுன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"சனிக்கிழமை சாயங்காலம்னு நேரம் குறிச்சி எவளுக்கு வலி வரும்?"

"நீங்கதான நர்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

சின்னப்பொண்ணு எங்கள் மலைக் கிராமச் சுகாதார நிலையத்தில் மருத்துவமனைப் பணியாளர். என் வயதுதான். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் வீட்டில் மூன்று மாடு. அந்தத் தைரியத்தில்தான் பாலாடைக்கு அவளை நம்பினேன். பிரசவ அறையில் பத்து வருஷம் வேலை பார்த்தவளிடம் "பாலாடை" என்று சொன்னால் எது ஞாபகம் வரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

போன வாரம் இதே பத்தியில் நான் எழுதிய ஜீப் கதையைப் படித்துவிட்டு, "உங்களுக்குக் கோபம் ரொம்ப வருமோ?" என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வரும். அன்றைக்கும் வந்தது. ஆனால் கோபப்பட நேரம் இல்லை. ஆறு மணி பஸ்ஸில் என் அத்தை வருகிறாள். பக்கத்து அறையில் என் அப்பா, அத்தை வருவதற்குள் ஓடிப்போகப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

மஃப்ளர் கட்டிய மனிதர்

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அப்பா லாரி டிரைவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, உளுந்தூர்பேட்டை வீட்டில் ஓய்வாக இருக்கிறார். அம்மா போனபின் தனிக்கட்டை. "வாப்பா என்னோட" என்றால், "மலையில இன்னா கீது, ஒரு ஹாரன் சத்தம் உண்டா?" என்பார். ரோட்டோர டீக்கடையில் அப்பா வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். அதில் மூன்று பேரைக் கிண்டல் செய்திருப்பார், அவர்களும் சேர்ந்துதான் சிரிப்பார்கள்.

கார்த்திகை கடைசியில் ஒரு காலை, எழுந்து வாய் கொப்பளித்திருக்கிறார். தண்ணீர் வாயில் நிற்காமல் வலது பக்கமாக வழிந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் வலது கன்னம் தொங்கிவிட்டது, வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கண் மூட மறுக்கிறது. மனிதர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மஃப்ளரை எடுத்து மூக்குவரைக்கும் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். டீக்கடைக்காரர்தான் எனக்குப் போன் செய்தார். "உங்கப்பா ரெண்டு நாளா டீ குடிக்க வரலைங்க. சண்டை கிண்டை ஒண்ணும் இல்லைங்க" என்றார்.

பதறிக்கொண்டு இறங்கினேன். கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் காட்டினோம். தலைக்குள் ஒன்றும் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, முகவாதம், பெரும்பாலும் சில வாரத்திலோ மாதத்திலோ சரியாகிவிடும் என்றார். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, கன்னத்தை உப்பி ஊதச் சொல்லிப் பயிற்சி. உயிர் வந்தது எனக்கு. அப்படியே கையோடு மலைக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

உயிர் வந்தது எனக்குத்தான், அப்பாவுக்கு இல்லை. சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. பேச்சு நின்றது. உதடு கூடினால்தானே 'ப'வும் 'ம'வும் வரும்? அவை இரண்டும் வழுக்கிப் போயின. வழுக்கினவற்றை யாரும் கேட்கக் கூடாது என்று மற்ற எழுத்துகளையும் மூடி வைத்துவிட்டார்.

அதைவிட மோசம் சாப்பாடு. தட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நானும் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் துணி துவைக்கும்போதுதான் பார்த்தேன், வாளியில் ஒரே நாளில் மூன்று சட்டை. மூன்றிலும் வலது பக்கம் ரசம்.

ரசம், கஞ்சி, காபி எல்லாம் வழிந்துவிடுகிறது. சோறும் இட்லியும் வலது கன்னத்துக்குள் போய் ஒதுங்கிக்கொள்கின்றன, விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த வேலையை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கதவு. பாதித் தட்டு ஜன்னல் வழியாகக் கோழிக்குப் போயிருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் கோழிகள் அந்த நாட்களில் நன்றாகக் கொழுத்திருந்தன, நான்தான் காரணம் கேட்கவில்லை.

ஆனால் தனக்கிருக்கும் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மதியம் நான் வந்து பார்க்கும்போது கட்டிலில் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்க உட்கார்ந்திருந்தார். சர்க்கரை தாழ்ந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். பாதி உள்ளே போனது, பாதி பனியனில் போனது. தெளிந்ததும் கத்தினேன், பயத்தில் கத்தினேன். "சாப்புடாம மாத்திரை போட்டா உயிருக்கே ஆபத்துப்பா. ஊருக்கெல்லாம் நான் இதைச் சொல்லிக்கினு கீறேன், என் வூட்டுலயே இப்படியா?" அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சூப்பு என்றால் மூக்கு ஒழுகணும்

வழியாததாகவும் இருக்க வேண்டும், கன்னத்தில் ஒதுங்காததாகவும் இருக்க வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் நிவேதாவிடம் போனில் புலம்பினேன். "கிரீமி வெஜிடபிள் சூப் செஞ்சி குடும்மா. கெட்டியா வழவழன்னு இருக்கும். வீடியோ அனுப்பறேன்" என்றாள்.

எங்கள் குடும்பத்துக்கு சூப் புதிதில்லை. ஆனால் உளுந்தூர்பேட்டையில் சூப் என்றால் அது சாயங்காலம் தள்ளுவண்டியில் வருவது. ஆட்டுக்கால் சூப், காளான் சூப், வாழைத்தண்டு சூப். எதுவானாலும் தண்ணீராக இருக்கும், மேலே மிளகுத்தூளைத் தாராளமாகக் கொட்டுவார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வந்து, என்னையும் கூட்டிப்போய் வாங்கித் தருவார். காரம் தாங்காமல் நான் முழிப்பேன். "சூப்புன்னா மூக்கு ஒழுவணும். ஒழுவலன்னா காசைத் திருப்பிக் கேளு" என்பார். நான் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அப்பேர்ப்பட்டவருக்குப் பாலும் வெண்ணெயும் போட்ட சூப்பா? ஆனால் வேறு வழி தெரியவில்லை.

வீடியோவில் ஒரு பெண் வெள்ளைச் சமையலறையில், வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே சமைத்தாள். வெண்ணெய், மைதா, பால், கடைசியில் ஃப்ரெஷ் கிரீம். எங்கள் மலைக் கடையில் போய், "கிரீம் இருக்குதா?" என்று கேட்டேன்.

"எந்தக் கிரீம்ங்க? மூஞ்சிக்கா, கேக்குக்கா?"

"சூப்புக்கு."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சோப்பு எடுத்துக் கொடுத்தார்.

கூரையில் ஒட்டிய கேரட்

முதல் சூப் மைதா கட்டிகட்டியாக வந்தது. போதாக்குறைக்கு நான் தக்காளியை வேறு சேர்த்திருந்தேன், பால் திரிந்துவிட்டது. கிண்ணத்தை அறைக்குள் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் அது வாசற்படியில் வந்து உட்கார்ந்தது, ஒரு வாய்கூடக் குறையாமல். நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். அப்பா செய்தது நியாயம்தான்.

இரண்டாவது சூப்பை அவர் பார்க்கவே இல்லை. காய் வெந்ததும் கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். அடுத்த நொடி மூடி என் கையில் இல்லை. பாதி கூரையில், பாதி என் மேல். கையில் சூடு பட்டு, நானே எங்கள் நிலையத்தில் வெளிநோயாளியாகப் பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று. மருந்து போட்ட சின்னப்பொண்ணு, "நர்சம்மா, ஊசியே போடுங்க. சமையல் வேணாம்" என்றாள். வாசகர்களே, சூடாக இருப்பதை மிக்ஸியில் போட்டு மூடாதீர்கள். ஆற வையுங்கள். இந்த ஒன்றுக்காகவாவது இந்த வாரம் என்னைப் படித்ததில் உங்களுக்கு லாபம்.

அப்பா கதவைத் திறந்து தலையை நீட்டி, கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழைய அப்பாவாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிச் சிரித்திருப்பார். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டார். கை எரிந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ராணி அத்தை வருகிறாள்

ராணி அத்தை அப்பாவின் ஒரே தங்கை. திருநாவலூரில் இருக்கிறாள். தினம் ஒரு முறை போன் செய்து, "அண்ணனாண்ட குடு" என்பாள். அப்பா கையை ஆட்டி மறுப்பார். "தூங்குறாரு அத்தை" என்று நான் பொய் சொல்வேன். மூன்றாவது வாரம், "எந்நேரமும் தூங்குறதுக்கு அவர் இன்னா கைக்கொழந்தையா? சனிக்கிழமை நான் வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்பாவிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து ஒரு முழு வாக்கியம் பேசினார். மஃப்ளருக்குள்ளிருந்து, வழுக்கி வழுக்கி வந்தது.

"அவ வரக் கூடாது. வந்தா நான் கீழ பூடுவேன்."

"ஏம்ப்பா, தங்கச்சிதான?"

"இந்த மூஞ்சியைப் பாத்தா அழுவா. அவ அழுதா எனக்குத் தாங்காது."

கீழே போனால் தனி வீடு. கவனிக்க ஆள் இல்லை. மாத்திரை போடுவார், சாப்பிட மாட்டார். அவருக்குச் சர்க்கரை தாழ்ந்த அந்த மதியம் நான் தற்செயலாகத்தான் வீட்டுக்கு வந்தேன். அங்கே தற்செயலாக யார் வருவார்கள்? அத்தை வரும்போது ஒரு வேளையாவது அவர் வயிறு நிறைந்திருக்கட்டும், நிறைந்தால் நின்றாலும் நிற்பார் என்றுதான் அந்தச் சனிக்கிழமை மூன்றாவது சூப்பை ஏற்றினேன். அதற்குத்தான் பாலாடை கேட்டேன். வந்ததோ இந்தப் பாலாடை.

சாமைச் சோறும் கீரை மத்தும்

அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அதன் மூக்கை நல்ல பக்கமான இடது ஓரத்தில் வைத்துச் சாய்த்தால் வலது பக்கம் வழியாதே. இருபது வருஷ நர்ஸ் வேலையில் இது முன்னமே தோன்றியிருக்க வேண்டும். பெருமையாக எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனேன்.

அப்பா அதைப் பார்த்தார். அது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் சிவந்துவிட்டது.

"நான் இன்னா பால் குடிக்கிற புள்ளையா?"

அவ்வளவுதான். பையின் ஜிப்பை இழுத்தார். நல்லது செய்யப் போய் நானே அவரைக் கிளப்பிவிட்டேன்.

அடுப்படிக்கு வந்து பாலாடையை அலமாரியில் வைத்துவிட்டு, "இப்ப இதுக்கு இன்னா ஊத்தறது?" என்று சூப்பைக் காட்டினேன். தண்ணீராகத்தான் இருந்தது. சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள்.

"கெட்டியாவணும், அவ்வளவுதான? எங்க வூட்டுல ராத்திரிக்குச் சாமைச் சோறு ஆக்கி வெச்சிருக்கேன். கொழைஞ்சி கூழா கீது. போடலாமா?"

"போடலாம், ஓடு."

ஓடினாள். ஒரு தூக்கில் சாமைச் சோறும், சொம்பில் அப்போதுதான் கறந்து காய்ச்சிய பாலும் கொண்டுவந்தாள். வெந்த காயோடு இரண்டு கை சாமைச் சோற்றைப் போட்டேன். ஆற வைத்து மிக்ஸியில் போட்டால், மலையில் சாயங்கால மின்சாரம் தெரியும்தானே, மிக்ஸி ஒரு முறை முனகிவிட்டு நின்றது. கீரை மத்தை எடுத்தோம். நான் கடைய, அவள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைந்ததை மாவுச் சல்லடையில் ஊற்றிக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தோம். இறங்கியது வழவழவென்று, தாழம்பூ நிறத்தில். திரும்ப அடுப்பில் ஏற்றி, பாலை ஊற்றி, ஒரு துளி நெய், உப்பு, கொஞ்சமாக மிளகு. கரண்டியைத் தூக்கினால் அவசரப்படாமல் நூலாக இறங்கியது. வீடியோக்காரிக்குக்கூட இப்படி வந்திருக்காது.

"ஏடே வேணாம் போல" என்றாள் சின்னப்பொண்ணு.

ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். அறைக் கதவு திறந்திருந்தது. கம்பளி மடித்துக் கட்டில் மேல் இருந்தது. பையும் இல்லை, அப்பாவும் இல்லை.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

பின்பக்கப் படிக்கட்டு

லாரி டிரைவர் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள். மேலே வருகிற பஸ்தான் அரை வட்டம் அடித்துத் திரும்பிக் கீழே போகும். பெண்கள் முன்பக்கம் இறங்குவார்கள். தங்கை முன்னால் இறங்கும்போது அண்ணன் பின்னால் ஏறிவிட்டால், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதே இல்லை. ரேஷன் கடைச் சுவருக்குப் பின்னால், மஃப்ளரைக் கண்வரைக்கும் சுற்றிக்கொண்டு, பையோடு நின்றிருந்தார்.

நான் மூச்சு வாங்க ஓடி வந்து சேரவும் பஸ் நிற்கவும் சரியாக இருந்தது. அப்பா சுவரை விட்டு வெளியே வந்து பின்பக்கப் படியில் கை வைத்தார்.

பின்பக்கப் படியில்தான் அத்தை இறங்கினாள். இறங்கினாள் என்றால், கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். வாயில் துண்டைப் பொத்தியிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மலை ஏறத் தொடங்கின இடத்திலிருந்து வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்திருக்கிறாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் முகம் சுளிக்கவே, எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டிருக்கிறாள். இறங்கினவள் நேராகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குளிரில் தோள் நடுங்கியது.

அப்பா பையைக் கீழே போட்டார்.

"கடைசி சீட்டுல உக்காந்து வந்தியா? வளைவுல பின்பக்கம்தான் தூக்கி அடிக்கும்னு உனுக்கு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்? கண்ணை ரோட்டுல வெச்சிக்கினு முன் சீட்டுல உக்காரணும். ஒரு டிரைவர் தங்கச்சி, பஸ்ல உக்காரத் தெரில."

மூன்று வாரத்துக்குப் பேச வேண்டியதை அங்கேயே பேசினார். பாதி எழுத்து வழுக்கியது, காற்றாக வந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே மஃப்ளரை அவிழ்த்தார். அவிழ்த்து அத்தையின் தலையையும் காதையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

"பெரியவரே, ஏறுறீங்களா?" என்றார் கண்டக்டர்.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டினார், பின்னால் வரும் வண்டிக்கு வழி விடுகிற மாதிரி. பஸ் போய்விட்டது. அத்தையின் பையை ஒரு கையிலும் அத்தையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருடைய பையை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

அடுப்படியில் நாலு பேர்

வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தி, எல்லோரும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். அங்கேதான் கொஞ்சம் கதகதப்பு. சூப்பைத் திரும்பச் சுட வைத்து நாலு கிண்ணத்தில் ஊற்றினேன். ஆவியில் நெய்யும் பூண்டும் வாசனை வந்தது.

அப்பா பழக்க தோஷத்தில் கிண்ணத்தை அப்படியே தூக்கி வாயில் வைத்தார். கெட்டிதான், ஆனாலும் கிண்ணத்து வாய் அகலம். வலது ஓரத்தில் ஒரு கோடு இறங்கி மோவாயில் நின்றது.

கை கழுத்துக்குப் போனது. மஃப்ளர் அங்கே இல்லை. அப்போதுதான் அவருக்குத் தன் முகம் ஞாபகம் வந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண் அறைக் கதவைப் பார்த்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது எழுந்து போனால் இனி இந்தக் கதவு எனக்கும் திறக்காது. சின்னப்பொண்ணு தன் கிண்ணத்துக்குள் ஏதோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

அத்தை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பாலாடை இல்ல? உன் அடுப்படியில இதுக்கு இன்னா வேலை?"

"அது வேற கதைங்க" என்றாள் சின்னப்பொண்ணு.

"எடு இப்டி. எனுக்கு வவுறு இன்னும் பொரட்டிக்கினு கீது. கொஞ்சங்கொஞ்சமா குடிச்சாத்தான் நிக்கும்."

பாலாடையில் சூப்பை மொண்டு, மூக்கை உதட்டில் வைத்துச் சாய்த்துக் குடித்தாள். அறுபது வயதுக்காரி, மஃப்ளர் கட்டிய தலையோடு, சப்புக் கொட்டிக்கொண்டு குடித்தாள். இரண்டு முறை குடித்தாள். எங்கள் துறை அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன், பிரசவ அறைக்குப் புதிதாக வேறு ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

அப்புறம் அதைக் கழுவினாள். அண்ணன் கிண்ணத்திலிருந்து மொண்டாள். அவர் கையில் வைத்தாள். "குடிண்ணே" என்றுகூடச் சொல்லவில்லை. தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கோழி எப்படிக் கூடையை விட்டு ஓடியது என்று சின்னப்பொண்ணுவிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு மூக்கை இடது ஓரத்தில் வைத்துச் சாய்த்தார். சூப் மெதுவாக இறங்கியது. வலது பக்கம் காய்ந்தே இருந்தது. தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று மொண்டார். இன்னொன்று. கிண்ணத்து அடியைக் கரண்டியால் வழித்தார். கதவு சாத்தாமல் அப்பா சாப்பிட்டு நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

கோழிக் கதை முடிந்ததும் அத்தை திரும்பி, விளக்கு வெளிச்சத்தில் அண்ணனை நேராகப் பார்த்தாள். கோணின வாயை, மூடாத கண்ணை, தொங்கின கன்னத்தை எல்லாம் பார்த்தாள். அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இன்னாண்ணே, இப்டி எளைச்சிப் பூட்ட?" என்றாள் அத்தை.

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பா தங்கையைப் பார்த்தார். இடது கன்னம் மேலே ஏறியது. வலது கன்னம் ஏறவில்லை, ஆனாலும் அது சிரிப்புதான்.

"உன் மருமவ சோறு போடற லட்சணம் அப்டி" என்றார்.

'ம'வும் 'ப'வும் வழுக்கத்தான் செய்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. மூன்று வாரத்தில் அப்பா செய்த முதல் கிண்டல், அதுவும் என்னை. வேறு நாளாக இருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.